வந்த தலைகளை எண்ணினால் வாழ்வு தெரியுமா?

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைக்குக் கூட்டம் பெருகினால் ஊரார் வாழ்வும் உயரும் என்கிறார்கள் சுற்றுலா வளர்ச்சிவாதிகள். சரி, உயர்ந்ததா என்று அளந்து காட்டுங்கள் என்றால், வாழ்க்கைத்தரம் மனம் சார்ந்தது, அதை அளக்க முடியாது என்று நழுவுகிறார்கள். அளக்கவே முடியாத ஒன்று உயரும் என்பதை இவர்கள் எதை வைத்துக் கண்டுகொண்டார்கள்?

முதல் வாதம், எண்ணிக்கை. 2019-இல் தமிழகத்தில் உள்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 49 கோடி என்றது ஒன்றிய சுற்றுலா அமைச்சகம். அதில் வந்தவர் இருக்கிறார். ஊரில் இருப்பவர் எங்கே? பந்தியில் விழுந்த இலைகளை எண்ணிவிட்டு, சமைத்தவர் வயிறு நிறைந்தது என்று எழுதுவது எந்த ஊர்க் கணக்கு? நார்த்தாமலையில் இது இன்னும் மோசம். முத்துமாரியம்மன் பங்குனித் தேருக்கு நேர்த்திக்கடனோடு திரளும் சனத்தையும், மேலமலைப் பாறையேறி விஜயாலய சோழீச்சரத்தின் வட்டக் கருவறையைப் பார்க்க வருபவரையும் ஒரே எண்ணில் கூட்டினால், கிடைப்பது பெரிய எண். அதிலிருந்து எவர் வாழ்வைப் பற்றியும் ஒரு வரி எழுத முடியாது.

இரண்டாவது, வேலைவாய்ப்பு. யாருக்கு, ஆண்டில் எத்தனை மாதம், என்ன கூலிக்கு? வண்டி நிறுத்தத்தை ஏலம் எடுப்பவர் உள்ளூரா, வெளியூரா? மனை விலை ஏறியபின் உள்ளூர்ப் பிள்ளை சொந்த ஊரில் வீடு கட்ட முடியுமா? இவற்றைக் கேட்காமல் 'வேலை வரும்' என்பது வாதமல்ல, மேடைப்பேச்சு.

மூன்றாவது, அளக்க முடியாது என்பது. ஊராரின் மனநிலை உற்சாகத்தில் தொடங்கி அலட்சியம், எரிச்சல், பகை என மாறுவதைச் சுற்றுலா ஆய்வாளர் டாக்ஸி (Doxey) 1975-லேயே வகுத்துவிட்டார். கிம், உய்சல், சர்ஜி ஆகியோரின் 2013 ஆய்வு, வருமானம், சமூகம், மனநிறைவு, உடல்நலமும் பாதுகாப்பும் என நான்காகப் பிரித்து, ஊர்மக்களிடமே கேட்டு அளந்தது. ஐம்பது ஆண்டுப் படிப்பை அறியாமல் பேசுவது அறியாமை. அறிந்தும் மறைப்பது வேறு. இவர்கள் எந்த வகை?

அளக்கத் தயங்குவதன் காரணம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அம்பலமானது. அந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என்பதை ஆராய, வரும் வண்டிகளின் விவரம்கூடக் கைவசம் இல்லாமல், சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸைக் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று. அளந்தால் வரம்பு தெரியும். வரம்பு தெரிந்தால் லாபத்துக்குக் கடிவாளம் விழும். பயம் அதுதான்.

நார்த்தாமலையில் இன்னும் காலம் கடக்கவில்லை. குடிநீர், கூலி, மனை விலை, இரவில் பெண்களின் நடமாட்டம், கோயிலில் ஊராரின் உரிமை ஆகியவற்றைத் சுற்றுலாத் திட்டம் எது வந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் அதே வீடுகளில் கேட்டு, விடையை ஊர்க் கிராமசபையில் வையுங்கள். அந்தக் கணக்குக்கு உடன்படாதவர் நார்த்தாமலையின் நலனுக்காகப் பேசுகிறார் என்பதை நாம் ஏன் நம்ப வேண்டும்?