சைலன்சர் மாற்ற எங்கே போவது?

காரில் 'பட பட'வென்று சத்தம். குனிந்து பார்த்தால் சைலன்சரில் ஓட்டை! எங்கே கொண்டு போவது? கம்பெனி சர்வீசுக்கா, தெருமுனை மெக்கானிக்கிடமா, சென்னை புதுப்பேட்டைக்கா?

புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவு. ஆனால், உள்ளே எவ்வளவு துரு என்பது வெளியே தெரியாது. கம்பெனியில் விலை கூடுதல்.

தெருமுனை மெக்கானிக்கே போதும், அவர் காரைத் தூக்கி ஓட்டையைக் காட்டிவிட்டு விலை சொல்கிறவராக இருந்தால்! பார்க்காமலே "எல்லாம் மாற்ற வேண்டும்" என்பவரிடம் வண்டியை விடக்கூடாது. சில சமயம் கெட்டுப்போனது ஒரு கிளாம்ப்தான். அல்லது குழாயைத் தாங்கும் ரப்பர்தான். சிறு ஓட்டைக்கு வெல்டிங் போதும்.

கன்வர்ட்டர் பத்திரம்!

என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' இருக்கிறது. புகையின் நஞ்சைக் குறைப்பது அதுதான். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் உண்டு. "அடைத்துவிட்டது, எடுத்துவிடலாம்" என்று அதைக் கழற்றி வைத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. சொந்தக்காரருக்கு மிஞ்சுவது வெறுங்குழாய்! 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 கார் என்றால், புகைச் சோதனையில் தேறுவதும் கஷ்டம். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்க வெட்கம் எதற்கு?

தள்ளிப் போடுவதும் ஆபத்து. ஓட்டை வழியே கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. பின்சீட்டில் குழந்தை தூங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்றே தெரியாது!

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.