கிராஷை ஒளித்துவைப்பது திருத்தமா?

தம் லினக்ஸ் டிரைவரின் இன்டரப்ட் ஹேண்ட்லர் தலையில் ‘பாயின்டர் நல் என்றால் திரும்பிப் போ’ என்று இரண்டு வரி சேர்த்தால் கிராஷ் தீர்ந்ததாம். டிரைவர் தொடங்கும் வரிசையையே மாற்றச் சொல்வது வெட்டிவேலை, ஆயிரம் தடவை இயக்கினால் ஒருமுறை விழுவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறார் நண்பர் ஒருவர்.

எங்கே விழுகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. ஒரு புராசஸுக்காக ஓடும்போது லினக்ஸ் கெர்னல் தடுக்கினால், பெரும்பாலும் அந்தப் புராசஸைக் கொன்றுவிட்டுத் தாக்குப்பிடிக்கும். இன்டரப்டுக்குள் தடுக்கினால் பலிகொடுக்கப் புராசஸ் கிடையாது. இயந்திரமே பேனிக் ஆகி நிற்கும்.

காரணமும் ரகசியமல்ல. இந்த டிரைவர் ஹேண்ட்லரை முதலில் பதிவுசெய்கிறது, பாயின்டரைப் பிறகுதான் நிரப்புகிறது. பதிவுசெய்த கணத்திலிருந்தே ஹேண்ட்லர் அழைக்கப்படலாம் என்று கெர்னலின் மூலநிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இன்டரப்ட் லைன் பகிரப்படுவதால் பக்கத்துச் சாதனம் கூப்பிட்டாலும் இதுவும் ஓடும். கூரை வேயாமல் கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிவிட்டு, மழையைத் தற்செயல் என்கிறார்!

சரி, அந்த இரண்டு வரி என்ன செய்யும்? கூப்பிட்டது நம் சாதனமே என்று வையுங்கள். ‘எனக்கில்லை’ என்று ஹேண்ட்லர் திரும்பினால், லெவல் டிரிகர் லைனில் கோரிக்கை அப்படியே நிற்கும், இன்டரப்ட் மறுபடி மறுபடி பாயும். 1,00,000 இன்டரப்டில் 99,900ஐ யாரும் ஏற்கவில்லை என்றால் கெர்னல் அந்த லைனையே அணைத்துவிடும். அதே லைனில் இருக்கும் நெட்வொர்க் கார்டு ஒரு பாவமும் அறியாமல் முடங்கும். ‘கவனித்துவிட்டேன்’ என்று பொய் சொன்னாலோ, அந்தக் காவலும் ஏமாந்துபோகும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தார் என்று நண்பர் எங்கும் சொல்லவில்லை. தவிர, பாயின்டர் நல் இல்லை என்பதற்காக உள்ளே லாக்கும் பஃபரும் தயார் என்று யார் உத்தரவாதம் தந்தது?

‘ஆயிரத்தில் ஒன்று’ கணக்கையும் பார்த்துவிடுவோம். 2019இல் கேரள அரசின் கைட் நிறுவனம் வெளியிட்ட லினக்ஸ் தொகுப்பு கேரளப் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கானது. அவற்றில் இப்படியொரு டிரைவர் இருந்தால், அவர் கணக்குப்படியே எல்லாவற்றையும் ஒரு காலையில் இயக்கும்போது 200 விழும். கொல்லயிலிலோ பாறசாலையிலோ ஐடி பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளையிடம் போய் இது அபூர்வம் என்று சொல்லிப்பாருங்கள்.

திருத்தம் எளிது. எல்லாவற்றையும் தயார்செய்து, கடைசியில் பதிவுசெய்ய வேண்டும். டிரைவரை இறக்கும்போது சாதனத்தை அடக்கி, பதிவை நீக்கி, அப்புறம்தான் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். நண்பரின் டிரைவர் அங்கும் தலைகீழ்: நினைவகத்தை முதலில் விடுவிக்கிறது. விடுவித்த பாயின்டர் தானாக நல் ஆகாது, ஆகவே அவருடைய சோதனை அதை ராஜமரியாதையோடு உள்ளே விடும்.

பகிர்ந்த லைனில் பதிவை நீக்கும்போது வேண்டுமென்றே ஹேண்ட்லரை அழைத்துப் பார்க்கும் டீபக் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. அதையும், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் காஸானையும் போட்டு, தம் இரண்டு வரியோடு மாட்யூலை ஒரே ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, வரும் கெர்னல் செய்திகளை அவர் முழுசாக வெளியிடட்டும்.