நம்பிக்கை மையங்கள் மாலையிலும் திறக்கட்டும்

1986இல் சென்னையில் டாக்டர் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எச்.ஐ.வி. உள்ளதா என எலிசா முறையில் சோதித்தபோது, ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டும் மஞ்சள் நிறமாக மாறின. எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் அன்றோடு தகர்ந்தது. சோதித்துப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது. உலகம் முழுவதற்கும் இதுவே பாடம்: கண்டறிந்தால்தான் கட்டுப்படுத்த முடியும். “தொற்றுதான் குறைந்துவிட்டதே, தனி நிதி எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். குறைந்ததே அந்த நிதியால்தான். 2004 முதல் அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தரும் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நிறுத்தினால், நோயாளியின் உடலில் வைரஸ் மறுபடி பெருகும். மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே அது பரவாது. ஆனால் மருந்தைத் தொடங்க, தொற்று இருப்பது முதலில் தெரிய வேண்டும். ஆகவே ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், ஷூ தொழிலாளர்கள் ஒருநாள் கூலியை இழக்காமல் பரிசோதித்துக்கொள்ள, அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்கள் ஷிப்டு முடியும் மாலை நேரத்திலும் திறந்திருக்க வேண்டும்.