காத்யூஷா என்னும் செல்லப்பெயர்

செல்லப்பெயர் அன்பின் அடையாளம் என்பர். அஃது அவ்வன்பின் எல்லையையும் காட்டிவிடும் என்பது எம் கருத்து. ருஷிய மகளிர் பெயராகிய 'காத்யூஷா' இதற்குச் சான்றாகும்.

இதன் முதல் வடிவம் எக்காதெரீனா. கிரேக்கத்தினின்று கிறிஸ்தவ சமயத்தோடு ருஷியாவிற் புகுந்த இப்பெயரைத் 'தூய்மை' என்னும் கிரேக்கச் சொல்லோடு இயைத்துப் பொருள் கூறுதல் பழைய வழக்கு. அது குறுகிக் காத்யா ஆயிற்று. விகுதி பெற்றுக் காத்யூஷா ஆயிற்று. விகுதி மாறின் உணர்ச்சியும் மாறும். காத்தென்கா என்பதிற் கனிவு மிகும். காத்கா என்பதில் இளக்காரம் தோன்றும்.

1899இல் வெளிவந்த 'புத்துயிர்ப்பு' என்னும் நாவலில் டால்ஸ்டாய் இவ்வேறுபாட்டை நுட்பமாக ஆள்கின்றார். சீமாட்டியர் இருவர் இல்லத்தில் ஏழைச் சிறுமி ஒருத்தி பாதி பணிப்பெண்ணாகவும் பாதி வளர்ப்புமகளாகவும் வளர்கின்றாள். ஆதலின் அவளைக் காத்கா என்றும் அழைத்திலர். காத்தென்கா என்றும் அழைத்திலர். இரண்டிற்கும் இடைப்பட்ட காத்யூஷா என்றே அழைத்தனர். அவர்தம் உடன்பிறந்தான் மகன் அவளைக் கெடுத்துக் கைவிட்டபோது அச்செல்லப்பெயர் அவளைக் காத்திலது. கருவுற்ற அவளுக்கு அவ்வில்லத்தில் இடமும் இல்லாதாயிற்று. பல்லாண்டு கழித்து, ஜூரிகளுள் ஒருவனாய் அமர்ந்து, குற்றவாளிக் கூண்டில் அவளைக் கண்ட பின்னரே அவன் நெஞ்சு உறுத்திற்று.

1938இல் பிளாந்தெர் இசையமைத்த பாட்டொன்றால் இப்பெயர் மேலும் புகழ் பெற்றது. 1941இல் களம் புகுந்த ராக்கெட் பொறிக்கும் போர்வீரர் இதனையே வழங்கினர். கொல்லும் கருவிக்கும் கொஞ்சுமொழி பெயராயிற்று!

ஆகவே பெயரின் பொருளை வேர்ச்சொல்லில் மட்டுமன்றி, அழைப்போர் நெஞ்சிலும் தேடல் வேண்டும். இனிய பெயரால் அழைத்து, உரிய இடத்தை மறுப்பது அன்பாகாது என்றே யாம் துணிகின்றோம்.