மௌனம் சம்மதமா?

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது கும்பளங்கி. அந்த ஊரில் நடப்பதாக 2019-ல் வந்த மலையாளப் படம் 'கும்பளங்கி நைட்ஸ்'. அதில், சினிமாக் கொட்டகை இருட்டில் பாபி தன் காதலி பேபியை விருப்பம் கேளாமல் முத்தமிட முயல்கிறான். கன்னத்தில் அறை விழுகிறது. (பழைய தமிழ்ப் படமானால் அறை வாங்கியவன் அடுத்த காட்சியில் டூயட் பாடியிருப்பான்!)

தமிழ்க் கதையுலகில் இந்தப் பிரச்னை வேறு கோணத்திலேயே பேசப்பட்டது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வெளியாயிற்று. மழையில் நின்ற கல்லூரி மாணவி முன்பின் அறியாதவனின் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். வீடு திரும்பியவளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் சுத்தமாகிவிட்டதாகத் தாய் தேற்றுகிறாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆனால் சர்ச்சை பெரும்பாலும் கற்பைச் சுற்றியே நின்றது. மிரண்டுபோன அந்தப் பெண்ணின் மௌனம் சம்மதமாகுமா என்பதல்லவா முதல் கேள்வி?

கோர்ட்டுகளும் அன்று அப்படித்தான் இருந்தன. மகாராஷ்டிர ஆதிவாசிப் பெண் ஒருத்தி போலீஸ் நிலையத்தில் கெடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட வழக்கில், உடலில் காயமில்லை என்பதையும் காட்டி 1978-ல் சுப்ரீம் கோர்ட் போலீஸார் இருவரை விடுதலை செய்தது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அது சம்மதமாகிவிடாது என்று சட்டத்தில் தெளிவாக எழுத 2013 வரை ஆயிற்று.

பேபி விஷயம் இன்னும் நுட்பமானது. அறைந்தவள் பாபியை வெறுத்துவிடவில்லை. அவனையே மணக்க விரும்புகிறாள். அன்றைய முத்தம்தான் வேண்டாம் என்றாள்.