முன்னூத்தி நாலு தெரிஞ்சவனுக்கு இருபத்தொண்ணு தெரியாதா?

எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் ராத்திரி முழித்திருக்க இரண்டு சாமான் வேணும். ஒன்று பிளேன்டீ, இன்னொன்று ஒரு கட்டு சீட்டு. லயத்து வாசலில் தரப்பாள் கட்டி, பல்பைத் தொங்கவிட்டு, நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முன்னூத்தி நாலு தொடங்கிவிடும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணுமில்ல. கூட்டினால் ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. ஓ.எல்லில் கணக்குப் பாடத்தைக் கோட்டைவிட்ட அண்ணன்மார்கூட இந்தக் கூட்டலைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். எந்த ஒன்பது விழுந்துவிட்டது, எந்த ஜாக் இன்னும் யார் கையில் ஒளிந்திருக்கிறது என்று எல்லாம் தலைக்குள் இருக்கும்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்கள் நண்பன் ஒருவனை விழுத்தியது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு ஹட்டனுக்கு வந்தபோது கையில் ஒரு சதமும் இல்லை, பஸ்ஸுக்கே கடன் வாங்கித்தான் வந்திருக்கிறான். இரண்டு மாதச் சம்பளம் ஃபோனுக்குள் போயிருந்தது. பிளாக்ஜாக். ஏன்டா என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "முன்னூத்தி நாலு வரைக்கும் கூட்டத் தெரிஞ்சவனுக்கு இருபத்தொண்ணு வரைக்கும் கூட்டத் தெரியாதா?"

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கே தெரியும். சூது குடியைக் கெடுக்கும், தருமரே நாட்டை இழந்தார், பொண்டாட்டியை இழந்தார். பாடசாலையில் திருக்குறளில் சூது அதிகாரத்தை மனப்பாடம் செய்திருக்கிறோம், கூத்திலும் பார்த்திருக்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் தருமர் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே சகுனி இருக்கிறான். அதனால் கேட்கிறவன் மனதில் பதிவது என்ன? ஏமாற்றுகிறவனோடு ஆடினால் தோற்போம், நேர்மையான ஆட்டம் என்றால் கெட்டிக்காரன் ஜெயிப்பான். பிளாக்ஜாக்கில் சகுனி தேவையில்லை. விதி எல்லாம் மேசையிலேயே எழுதியிருக்கும். யாரும் ஏமாற்றாமலே நீங்கள் தோற்பீர்கள். அது எப்படி என்று யாராவது எங்களுக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டும். "ஆடாதே" என்று சொல்ல ஊரே இருக்கிறது, கணக்கைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் நாங்களே சொல்லிப் பார்க்கிறோம்.

முதலில் சீட்டின் மதிப்பு. இரண்டிலிருந்து பத்து வரை அதில் போட்டிருக்கிற எண்தான். ஜாக், குயின், கிங் மூன்றுக்கும் 10. ஆஸை 1 என்றும் வைக்கலாம், 11 என்றும் வைக்கலாம், எது வசதியோ அது. முன்னூத்தி நாலில் ராஜாவாக இருந்த ஒன்பது இங்கே வெறும் ஒன்பது. இங்கே ராஜா பத்துதான், ஏனென்றால் பதின்மூன்று வகைச் சீட்டில் நாலு வகைக்குப் பத்து மதிப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் 13ல் 4 தடவை பத்து வரும். மீதிக் கணக்கு முழுக்க இந்த ஒரு உண்மையில்தான் தொங்குகிறது.

உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு. டீலருடைய ஒரு சீட்டு மட்டும் திறந்திருக்கும். 21ஐத் தாண்டாமல் டீலரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். தாண்டினால் போச்சு. டீலருக்கு சொந்த மூளை கிடையாது. 16 வரை இருந்தால் எடுத்தே ஆகணும், 17 வந்தால் நிறுத்தியே ஆகணும். நீங்கள் மட்டும் விரும்பியபடி எடுக்கலாம், நிறுத்தலாம், பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம், ஒரே மதிப்பில் இரண்டு வந்தால் பிரித்து ஆடலாம். சுதந்திரம் முழுக்க உங்களுக்கு, கட்டுப்பாடு முழுக்க அவனுக்கு. பார்த்தால் நமக்குத்தான் லாபம் மாதிரி இருக்கும்.

ஆனால் நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள்.

இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். டீலர் மாதிரியே நீங்களும் 16 வரை எடுத்து, 17ல் நிறுத்துகிறீர்கள் என்று வைப்போம். டீலர் 100 கையில் ஏறக்குறைய 28 தடவை 21ஐத் தாண்டுவார். அதே மாதிரி ஆடினால் நீங்களும் 28 தடவை தாண்டுவீர்கள். இரண்டு பேரும் தாண்டுகிற கை 100க்கு 8 வரும். நியாயப்படி அது சமன். ஆனால் நீங்கள் தாண்டிய உடனேயே உங்கள் காசை வாரி எடுத்தாச்சு, அதற்குப் பிறகு டீலர் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன. அந்த 8தான் கடைக்காரனுடைய லாபம். பதிலுக்கு அவர்கள் ஒன்று தருகிறார்கள்: முதல் இரண்டு சீட்டிலேயே ஆஸும் பத்தும் வந்தால் 100க்கு 150. அது 21 கைக்கு ஒரு தடவை மாதிரித்தான் வரும். அதைக் கழித்தாலும் 100 ரூபா பந்தயத்துக்கு ஐந்தரை ரூபா மிஞ்சும், அவர்களுக்கு. அந்த 150ஐ 120 ஆகக் குறைத்து வைத்திருக்கிற மேசைகளும் உண்டு. அங்கே இன்னும் ஒரு ரூபா நாற்பது சதம் மாதிரி கூடப் போகும்.

இதை எப்படிக் குறைக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் நாலு அமெரிக்க இராணுவத்தினர். பால்ட்வின், கான்டி, மைசெல், மெக்டெர்மொட். கசினோவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மேரிலாந்தில் ஒரு முகாமில் இருந்த கணக்குக்காரர்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் மேசைக் கல்குலேட்டரைத் தட்டித் தட்டியே ஒவ்வொரு கைக்கும் எது சரியான முடிவு என்று கண்டுபிடித்து 1956ல் ஒரு புள்ளிவிபரவியல் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இன்றைக்கு 'பேசிக் ஸ்ட்ராட்டஜி' என்று ஒரு சின்ன அட்டவணையாக எங்கேயும் கிடைக்கிறதே, அதன் மூலம் அதுதான்.

சாரம் இவ்வளவுதான். டீலருடைய திறந்த சீட்டு 4, 5, 6 என்றால் அவர் ஆபத்தில் இருக்கிறார். 6 என்றால் 100க்கு 42 தடவை தாண்டிவிடுவார். அப்போது உங்கள் கையில் 12 முதல் 16 வரை எது இருந்தாலும் பேசாமல் இருங்கள், அவர் விழட்டும். திறந்த சீட்டு 7 அல்லது அதற்கு மேல் என்றால் 17 வரும் வரை நீங்கள் எடுத்தே ஆகணும். 11 வந்தால் பெரும்பாலும் இரட்டிப்பாக்குங்கள், அடுத்தது பத்தாக இருக்க நல்ல வாய்ப்பு. இரண்டு எட்டு, இரண்டு ஆஸ் வந்தால் பிரியுங்கள். இரண்டு பத்தைப் பிரிக்கவே கூடாது, 20ஐ உடைக்கிறது பைத்தியக்காரத்தனம். ஆஸும் ஆறும் சேர்ந்து 17 வந்தால் அதோடு நிற்காதீர்கள். ஆஸ் 1 ஆக இறங்கக்கூடியது, இன்னொன்று எடுத்தால் தாண்டாது. டீலர் ஆஸ் காட்டினால் 'இன்சூரன்ஸ்' வேணுமா என்று கேட்பார்கள். பேர் நல்ல பேர்தான். ஆனால் 13 தடவை 100 ரூபா வைத்தால் 4 தடவை 200 வரும், 9 தடவை 100 போகும். 800 வந்து 900 போகிற இன்சூரன்ஸ் யாருக்கு வேணும்?

இந்த அட்டவணையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் ஐந்தரை ரூபா இழப்பு அரை ரூபாவாகக் குறையும். இதைத்தான் எங்கள் நண்பன் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, யூடியூபில் பாடம் எடுக்கிறவர்களும் அழுத்திச் சொல்வதில்லை. உலகத்திலேயே மிகச் சரியாக ஆடுகிறவனுக்குக் கிடைக்கிற பரிசு, மெதுவாகத் தோற்கிறது. உதாரணத்துக்கு உங்கள் கையில் 16, டீலரிடம் 10. எல்லாரும் பயப்படுகிற கை. எடுத்தால் 13ல் 8 சீட்டு உங்களைத் தாண்டவைக்கும். அட்டவணை "எடு" என்கிறது. எடுத்தாலும் 100 ரூபாவில் சராசரியாக 54 ரூபா போகும், எடுக்காவிட்டாலும் 54 ரூபா போகும். வித்தியாசம் சதக் கணக்கில். அந்தக் கையில் மூளையைப் போட்டு உடைத்துக்கொள்வதை 'ஸ்ட்ராட்டஜி' என்று கூப்பிடுகிறோம்!

உடனே ஒருத்தர் கேட்பார்: எண்ணி ஆடி ஜெயிச்சவங்க இருக்காங்களே? இருக்கிறார்கள். எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து, மீதிக் கட்டில் பத்தும் ஆஸும் நிறைய இருக்கும்போது பந்தயத்தைக் கூட்டுகிற முறை. முன்னூத்தி நாலு ஆடுகிறவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் கடைக்காரர்களும் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள். ஒரு கட்டுக்குப் பதிலாக ஆறு கட்டு, எட்டு கட்டு என்று கலந்தார்கள், எண்ணுகிறவன் என்று சந்தேகம் வந்தால் வாசலைக் காட்டினார்கள். ஃபோனில் புரோகிராம் ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைத்துப் போடும் ஆட்டத்தில் எண்ண என்ன இருக்கிறது? அந்தக் கட்டு நேர்மையான கட்டா என்று பார்க்கக்கூட வழியில்லை. நாங்கள் மேலே போட்ட கணக்கெல்லாம் நேர்மையான கட்டுக்குத்தான்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. கொழும்பில் 2025 ஆகஸ்டில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் பெரிய விளக்கு வெளிச்சத்தோடு திறந்தது. கசினோவுக்கு 2010லேயே தனிச் சட்டம் வந்தது. 2025ல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை அமைக்கிற சட்டமும் நிறைவேறியது. இலங்கையர் உள்ளே போக 50 டொலர் வரி இருந்தது, அதை 100 ஆக்க அரசாங்கம் முடிவெடுத்தது. தோட்டத்துப் பிள்ளை அந்தக் கதவைத் தாண்ட மாட்டான், சரி. ஆனால் ஃபோனுக்கு வாசலும் இல்லை, வரியும் இல்லை. கசினோ மேசையில் மணித்தியாலத்துக்கு 60, 70 கை ஆடலாம். ஃபோனில் 300 கை தாராளமாகப் போகும். கைக்கு 100 ரூபா, டீலர் மாதிரி ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். 300 கைக்கு சராசரி இழப்பு 1,650 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350. அட்டை கடிக்க, மழையில் நனைந்து அம்மா ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த காசு ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது.

தமிழ்நாட்டில் ஒன்லைன் ரம்மியைத் தடை செய்த சட்டம் நீதிமன்றம் போனபோது வாதம் முழுக்க, இது திறமையா அதிர்ஷ்டமா என்பதில்தான் சுற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்றது. எங்களுக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாகப் படுகிறது. பிளாக்ஜாக்கிலும் திறமை இருக்கிறது, ஐந்தரை ரூபாவை அரை ரூபா ஆக்குவது திறமைதானே. மேசை யாருடையது என்றுதான் கேட்க வேணும். முன்னூத்தி நாலில் மேசைக்குச் சொந்தக்காரன் கிடையாது. நாலு பேர் காசு நாலு பேருக்குள்ளேயே சுற்றும், கெட்டிக்காரன் அடுத்தவன் காசை எடுப்பான், அடுத்த சாவு வீட்டில் அது திரும்பி வரும். லயத்தில் அக்காமார் பிடிக்கிற சீட்டும் அப்படித்தான். போட்டது முழுக்க யாரோ ஒருத்தி கையில் முழுசாகச் சேரும். (ரெண்டுக்கும் ஒரே பேர் வந்தது எப்படியோ.) முன்னூத்தி நாலில் ஜெயிக்கிற திறமை, மேசைக்காரன் இருக்கிற இடத்தில் செல்லாது.

இதைச் சொன்னால் நம்புவானா என்று, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அவனையும் சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஒரு ஆள் டீலர், நாலு பேர் ஆட்டக்காரர், ஆளுக்கு 50 தீக்குச்சி. காலையில் தொடங்கி பொழுது சாய்கிற வரை 200 சுற்று. யாரும் ஏமாற்றவில்லை, டீலராக இருந்தவள் கணக்கு டீச்சராகப் போகிறவள். கடைசியில் மூன்று பேரிடம் குச்சி குறைந்திருந்தது. டீலர் பக்கத்தில் 31 குச்சி கூடுதல். ஒருத்தனிடம் மட்டும் 6 குச்சி அதிகம். யார் என்று கேட்கவே வேண்டாம், அவனேதான். "பாத்தீங்களா" என்றான். 200 கை என்பது ரொம்பச் சின்ன எண், அதில் அதிர்ஷ்டம் கணக்கை மறைத்துவிடும் என்று டீச்சர் பிள்ளை விளக்கினாள். அவன் கேட்டுக்கொண்டே தீக்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களுக்கு உண்மையில் அந்த நேரம் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பிறகு கட்டைக் கையில் எடுத்தவன், அடுத்த தடவை தானே டீலராக இருக்கட்டுமா என்று கேட்டான்.

இல்லை என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அப்போதுதான் அவன் சிரித்தான். இந்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறோம்.