எஃப் மதிப்போடு நின்றுவிட வேண்டாம்

நம் இதழுக்கு வரும் வேளாண் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் முடிவு இது: “ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வில் நேர்த்திகளுக்கிடையே 5 சதவீத அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரிந்தது, எனவே இந்த உரம் பரிந்துரைக்கப்படுகிறது.” இதில் முன்பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. பின்பாதிக்குப் பெரும்பாலும் இல்லை. அந்தப் பின்பாதியை நம்பித்தான் விவசாயி கடன் வாங்கி மூட்டை எடுக்கிறார்.

ஆர் மென்பொருளோடு கூடவே வரும் ‘பிளான்ட்குரோத்’ தரவை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டுப்பாட்டுக் குழு, இரண்டு நேர்த்திகள், குழுவுக்குப் பத்துப் பத்தாக 30 செடிகளின் உலர் எடை. சராசரிகள் முறையே 5.032, 4.661, 5.526. குழுக்களுக்கு இடையேயான வர்க்கக் கூடுதல் 3.766, வரையற்ற பாகை 2. குழுக்களுக்குள்ளே 10.492, பாகை 27. வகுத்தால் 1.883, 0.389. இவ்விரண்டின் விகிதமான எஃப் 4.85; பி மதிப்பு 0.016. ‘நேர்த்திகள் பலன் தந்தன’ என்று உடனே எழுதிவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுத்து, சிடி மதிப்பை, அதாவது இரு சராசரிகள் 5 சதவீத அளவில் வேறுபட்டவை என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசத்தை, போட்டுப் பாருங்கள். 0.57 வருகிறது. இரண்டாம் நேர்த்தி கட்டுப்பாட்டைவிட 0.494 கூடுதல். முதல் நேர்த்தி 0.371 குறைவு. இரண்டுமே சிடியை எட்டவில்லை. எட்டித் தாண்டுவது இரண்டு நேர்த்திகளுக்கும் நடுவிலுள்ள 0.865 மட்டுமே. டுக்கி சோதனையும் இதையே சொல்கிறது: நேர்த்திகளுக்கு இடையே பி மதிப்பு 0.012, கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால் 0.20, 0.39. ஒன்றும் போடாத செடியைவிட மேல் என்று எந்த நேர்த்தியைப் பற்றியும் இந்தத் தரவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பரிந்துரை எழுதுபவருக்குத் தேவைப்பட்ட பதில் அதுதான். எஃப் மதிப்பிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை.

எல்லாச் சராசரிகளும் சமம் என்ற எடுகோள் நிற்குமா, நிற்காதா என்பதோடு எஃப் சோதனையின் வேலை முடிகிறது. அது சிறிய வேலை அல்ல. ஐந்து குழுக்கள் இருந்தால் பத்து ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே டி சோதனை செய்துகொண்டே போனால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஏதோ ஒரு ஜோடி வேறுபட்டதாகத் தெரியும் வாய்ப்பு 5 சதவீதத்தைவிடப் பல மடங்கு கூடிவிடும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர், வயல் தரவோடு மல்லுக்கட்டி உருவாக்கிய இந்த முறை ஒரே கேள்வியாக அதைக் கேட்க வழி செய்தது. அடுத்த கேள்விக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. எல்லா ஜோடிகளையும் ஒப்பிட வேண்டுமானால் டுக்கி. கட்டுப்பாட்டோடு மட்டும் ஒப்பிட வேண்டுமானால் 1955இல் டனெட் தந்த சோதனை. எது வேண்டும் என்பதை விதைப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அறுவடைக்குப் பிறகு சாதகமானதைத் தேர்ந்தெடுப்பது ஆய்வாகாது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது பிரதிகள் பற்றிய குழப்பம். நிழல்வலைக் குடிலில் நான்கு குழித்தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு ஒரு ஊடகம்: ஒன்றில் தென்னை நார்க்கழிவு, ஒன்றில் மண்புழு உரம் கலந்தது, இப்படி. தட்டுக்கு 25 நாற்றுகளின் உயரத்தை அளந்தால் 100 அளவுகள். கணினி பிழைக்கு 96 பாகை என்று காட்டும். எஃப் மதிப்பு வானத்தைத் தொடும். ஆனால் ஊடகம் நாற்றுக்கு நாற்று மாற்றிக் கொடுக்கப்படவில்லை, தட்டுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஓர் ஊடகத்துக்கு ஒரே தட்டு என்றால் பிரதி ஒன்றே. பிழைக்கான உண்மையான பாகை பூஜ்ஜியம். வாசலோரத் தட்டுக்கு வெயில் கூடுதலாகக் கிடைத்ததா, ஒரு மூலைக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லையா என்பதெல்லாம் ஊடகத்தின் குணமாக அட்டவணையில் ஏறிவிடும். ஹர்ல்பர்ட் 1984இலேயே இதைப் போலிப் பிரதி என்று பெயரிட்டு எச்சரித்தார். எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. தட்டுகளை அடுக்கியவருக்குத்தான் தெரியும்.

வயலில் வளம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நேர்த்திகளைச் சமவாய்ப்பில் ஒதுக்கும் ஆர்.பி.டி. அமைப்பு தேவை. அப்படி நட்டுவிட்டு ஒருவழிப் பகுப்பாய்வு செய்தால் தொகுதிகளின் வேறுபாடு முழுவதும் பிழைக்குள் போய்ச் சேரும். குழுக்களின் சிதறல் வெகுவாக வேறுபடும்போது, முக்கியமாகக் குழு அளவுகளும் சமமாக இல்லாதபோது, வெல்ச் 1951இல் தந்த திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். இன்றைய மென்பொருள்களில் அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும்.

கட்டுரை அனுப்பும் நண்பர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பி மதிப்பை மட்டும் தராமல் பகுப்பாய்வு அட்டவணையை முழுதாகத் தாருங்கள். ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் திட்ட விலக்கமும் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்கட்டும். நேர்த்தி எதற்குக் கொடுக்கப்பட்டது, செடிக்கா, தட்டுக்கா, பாத்திக்கா என்பதை முறைகள் பகுதியின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பரிந்துரை செய்வதானால், கட்டுப்பாட்டைவிட எவ்வளவு கூடுதல் மகசூல், அதன் நம்பிக்கை இடைவெளி என்ன என்பதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இவை இல்லாத கட்டுரைகளை, முடிவு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன்பே திருத்தம் கோரித் திருப்பி அனுப்புவோம்.